புளி போட்டுத் தேய்த்த ரைபிள்

இஞ்சியைத் தட்டிப் போட்டாயிற்று, பால் இன்னும் பொங்கவில்லை, காப்பி காயப்போடுகிற களத்தில் அவள் சிரிக்கிற சத்தம் இதோடு இரண்டாவது தடவை கேட்கிறது, ரைபிளை இன்னும் உறையிலிருந்து உருவவே இல்லை, அதற்குள் என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது. வாங்க வந்தவர்கள் முதலில் முகத்தைச் சுளிக்க வேண்டும். சாமானைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சுளிக்க வேண்டும். எங்கள் ஊர் வத்தலக்குண்டுப் பக்கம் ஆடு பிடிக்க வருகிறவன் பட்டிக்குள் காலை வைக்கும்போதே "என்னத்தா இது, ஆடா பூனையா" என்றுதான் ஆரம்பிப்பான், அப்புறம்தான் வாயைப் பிளந்து பல் பார்ப்பான், முதுகைத் தடவிப் பார்ப்பான். சிரித்துக்கொண்டே வந்தால் ஒன்று அவனுக்கு வியாபாரம் தெரியவில்லை, இல்லையென்றால் அவன் ஆட்டுக்கு வரவில்லை. இவள் எதற்கு வந்திருக்கிறாள். ரைபிளுக்குத்தான் வந்திருக்கிறாள், பவுனு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ரைபிளுக்குத்தான், சும்மா கிட, தூளிக் கயிற்றை ஆட்டு, பிள்ளை முழித்துக்கொண்டால் இங்கேயிருந்து எதையும் ஒட்டுக் கேட்க முடியாது. நிறைமதி நல்ல பிள்ளை, கயிறு ஆடுகிற வரைக்கும் தூங்குவாள். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கரண்டி, காது மட்டும் களத்தில். எனக்கு இன்னும் இரண்டு காது இருந்தாலும் அதையும் அங்கேதான் அனுப்பியிருப்பேன்.

பழைய சாமானுக்கு விலை போடுவது எனக்கு ஒன்றும் புதிது இல்லை. போன வருஷம் இவருடைய போனை விற்றது நான்தான், கிரைண்டரை மாற்றியது நான்தான், கீறல் இருந்த பீரோவைக் கீறல் பக்கம் சுவரைப் பார்த்து நிறுத்திக் காட்டித் தள்ளிவிட்டதும் நான்தான். பாதி விலை, அதில் கால்வாசி கழிவு, நம் வாய்க்கு ஒரு கூடுதல், இதுதான் கணக்கு. ஆனால் ரைபிளுக்குப் புது விலை என்ன என்றே இந்த மலையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வந்த புரோக்கர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "லைசென்ஸ் இருக்கறவன்தானே தங்கச்சி வாங்க முடியும், இருக்கறவன் எல்லாம் இப்ப விக்கத்தானே அலையிறான்" என்று சொல்லி இருபத்தைந்து என்றார். இருபத்தைந்தாயிரத்துக்கு வேலிக் கம்பி இரண்டு பக்கத்துக்குக்கூட வராது. எனக்கு வேண்டியது சோலார் வேலி, நாலு பக்கமும். பாதியை அரசாங்கம் தரும், மீதியை நாங்கள் போட வேண்டும், மீதிக்கு இந்த ரைபிள். போன தடவை பீன்ஸ் காய்த்துத் தொங்குகிற வாரத்தில் பன்றி இறங்கி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போனது, இவர் மேலே பார்த்து ஒரு வெடி வெடித்தார், பன்றி கொஞ்சம் தள்ளிப் போய் நின்று மறுபடியும் தின்றது. சுடக் கூடாது, சுடுவதற்கு பாரஸ்ட் ஆபீஸ் தாள் வேண்டும், தாள் வருவதற்குள் பன்றிக்குப் பேரன் பிறந்துவிடும். வேலி வந்தால் இந்த வருஷம் பீன்ஸும் அவரையும் கைக்கு வரும், வராவிட்டால் மறுபடியும் நான் அடுத்தவர்கள் தோட்டத்தில் மிளகு பறிக்கப் போக வேண்டும், பிள்ளையை மரத்தடியில் போட்டுவிட்டு. அது முடியாது. அதனால் விற்க வேண்டும். விற்கச் சொன்னதே நான்தான். ஆனால் இவளுக்கு விற்கச் சொல்லவில்லையே.

பால் ஏறுகிறது, இறக்கு. அந்த ரைபிளை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஒரு இரும்பின் மேல் என்ன கோபம். ஆனால் நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த அன்றைக்கு, வலது காலை எடுத்து வைத்து நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் அதுதான் தொங்குகிறது, காக்கி உறையோடு, மாலை போடாத குறையாக. இவருடைய அப்பா வைத்திருந்தது. அவர் மேல் எஸ்டேட்டில் காவல்காரர், எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போகும்போது முதலாளி அதை அவருக்கே கொடுத்து லைசென்ஸும் மாற்றிக் கொடுத்தாராம், அவர் போன பிறகு இவர் பேருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இறக்கிவிடுவார். சாக்கை விரித்து அதன்மேல் படுக்க வைப்பார். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரு சொட்டுத்தான், என் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னால் கிணற்றில் வாளி விடுகிற மாதிரி ஊற்றுகிற மனுஷன். துடைப்பதற்குத் துணி எது என்று நினைக்கிறீர்கள், அவருடைய பழைய பனியன், துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன பனியன், பிள்ளை பிறந்தபோது அடியில் போட அதைத்தான் கேட்டேன். "இது அதுக்கு வேணும் பவுனு, வேற துணி நூல் விடும்" என்றார். அதுக்கு. பிள்ளைக்குக் கடையில் துணி வாங்கினோம், ரைபிளுக்குப் பனியன். தோட்டா வைத்திருக்கிற தகரப் பெட்டியின் சாவி அவர் இடுப்புக் கயிற்றில், வீட்டுச் சாவி வாசல் ஆணியில், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், நான் உள்ளே இருந்தாலும் சரி. தேர்தல் வந்தால் துப்பாக்கியெல்லாம் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். எனக்கு வந்த முதல் தேர்தலில் இவர் அதை ஒப்படைத்துவிட்டு வந்து சோறு சரியாகச் சாப்பிடவில்லை, ஸ்டேஷனில் ஈரச் சுவர் பவுனு, சாத்தி வைத்திருக்கிறான் பவுனு என்று ஒரே புலம்பல், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வந்த மாதிரி. ஆனால் அந்த மாசம் மாதிரி ஒரு மாசம் எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருக்கிறதே, என்ன செய்வார், எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார், பேசினார், கதை கதையாகப் பேசினார். வருஷத்துக்கு ஒரு தேர்தல் வை சாமி என்று பண்டாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டேன், யார் ஜெயித்தால் எனக்கென்ன. நிறைமதி கூட அந்த மாசத்துப் பிள்ளைதான்.

கதை கதையாகப் பேசினாரே, அதில்தான் இவள் வந்தாள். முதலாளியின் மகள். பாப்பா. எஸ்டேட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், சின்னதில் கூப்பிட்டது, இப்போது முப்பத்தைந்து வயசாகிறது, கோயம்புத்தூரில் துப்பாக்கி சுடுகிற சங்கத்தில் இருக்கிறாள், கையில் கடிகாரம் தட்டு அகலத்துக்கு இருக்கிறது, இன்னும் பாப்பா. ஷர்மிளா என்று பேர் இருக்கிறதே, கூப்பிட்டால் என்ன. "பாப்பா லீவுக்கு வருவாங்க பவுனு, முதலாளி எங்களக் கூட்டிட்டுப் போய் ஓடையில தகரடப்பா வச்சுச் சுடச் சொல்லுவாரு, பாப்பா கண்ண மூடிக்கிட்டுச் சுடுவாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். வெங்காயம் உரிக்கிற கை நின்றுவிடும். நான் கவனிப்பேன். உரித்த வெங்காயத்தை மறுபடியும் உரிப்பார். ஓடை எந்த ஓடை என்று எனக்குத் தெரியும், விறகுக்குப் போகிற வழிதான், அங்கே ஒன்றும் இல்லை, பாறையும் பாசியும். ஆனால் நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சின்னப் பையனும் ஒரு பெண்ணும் அங்கே நிற்கிறார்கள், நகரவே மாட்டேன் என்கிறார்கள், விறகுக் கட்டோடு நான்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. விற்கலாம் என்று முடிவான அன்றைக்கே, "பாப்பா கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம், அவங்கப்பா குடுத்தது" என்றார். கேளுங்க என்றேன், கேட்காதீங்க என்று எப்படிச் சொல்வது. போனில் ஒரு வார்த்தை கேட்பதற்கு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போனார். அங்கேதான் டவர் கிடைக்கும், அது உண்மைதான், நான் அம்மாவிடம் பேசுவதும் அங்கே நின்றுதான். உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா.

உறையின் கொக்கியைக் கழற்றுகிற சத்தம். வந்துவிட்டது நேரம். நேற்று இவர் வாழைத்தாரோடு கீழே இறங்கிப் போனதும் நான் ஒரு காரியம் செய்தேன், இவருக்குக்கூடத் தெரியாது, உறையோடு தொங்கவிட்டுவிட்டேன், இப்போது உருவும்போதுதான் பார்ப்பார், இரண்டு பேரும் பார்க்கட்டும். விற்கப் போகிற சாமானை யாராவது அப்படியே கறுப்பும் அழுக்குமாகக் கொடுப்பார்களா. பீரோவையே துடைத்துக் கொடுத்தவள் நான். புளியைக் கெட்டியாகக் கரைத்து, அடுப்புச் சாம்பலைச் சலித்து, தேங்காய் நாரால் குழல் நெடுகத் தேய்த்தேன். முதலில் நகரவில்லை. அப்புறம் கறுப்பு மெல்லக் கழன்றது, மாமனார் காலத்து அழுக்கு, முதலாளி காலத்து அழுக்கு, யார் யார் விரலோ, எல்லாம் சாம்பலோடு ஊர்ந்து போனது, உள்ளே இருந்து வெள்ளி மாதிரி ஒரு குழல் வந்தது பாருங்கள், குத்துவிளக்கு தோற்றது. நம்பர் வெட்டியிருக்கிற இடத்தை விளக்குமாற்றுக் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன், லைசென்ஸில் இருக்கிற நம்பரும் அதுவும் ஒன்றா என்று பார்ப்பார்களே, பளிச்சென்று தெரிய வேண்டாமா. கை இரண்டும் புளித்து வெளுத்துப்போனது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நார் பிய்த்துத் தின்னப் பார்த்தது. பாட்டுக்கூடப் பாடினேன். விலைக்காகத்தான் தேய்த்தேன். வேறு எதற்கு. அந்தக் கறுப்பில் இவள் விரலும் இருந்திருக்கும், அது எனக்கு அப்போது ஞாபகத்தில்கூட இல்லை. இல்லையா. கொஞ்சம் இருந்தது. குழல் முனைப் பக்கம் லேசாகத்தான் தேய்த்தேன், கை பிடிக்கிற இடத்தில்தான் மூன்று தடவை தேய்த்தேன். விலைக்காகத்தான்.

ஏன் சத்தமே இல்லை. சிரிப்பையும் காணோம், பேச்சையும் காணோம். தூளிக் கயிறு மட்டும் க்ரீச் க்ரீச் என்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் இவருடைய முதுகும் அவளுடைய முழங்கையும்தான் தெரிகிறது, முழங்கை அசையவில்லை. அழகில் வாயடைத்துவிட்டார்களா. போனில் ஆளையே பார்க்காமல் பேசுகிறவர்கள் ரைபிளைப் பார்த்துப் பேசாமல் இருக்கிறார்களே. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இப்படித்தான், இவருடைய அத்தை என்னைத் தண்ணீர் மொண்டு வரச் சொல்லி நடக்கவிட்டுப் பார்த்தாள், கால் சரியாக இருக்கிறதா என்று, நான் வேண்டுமென்றே நாலு நடை நடந்தேன், பார்த்துக்கோ, இரண்டும் ஒரே நீளம். அன்றைக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு வரவில்லை. "யாரு குரு தேச்சது இத?" அவள் குரல். குருவாம். குருநாதன் என்று முழுசாகச் சொல்ல நாக்கில் இடம் இல்லை. இவர் என்ன சொல்கிறார், சொல்லுங்கள், சொல்லுங்கள், "அது வந்து பாப்பா... மழைக்கு... கொஞ்சம் துரு மாதிரி..." என்ன மழை, எந்தத் துரு. ஒரு சொட்டு எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்கிற மனுஷன் வைத்திருந்த ரைபிளில் துருவா. இவருக்குத் தெரிந்துவிட்டது நான்தான் என்று, இந்த வீட்டில் புளி யார் கையில் இருக்கும். அப்படியென்றால் தேய்த்தது தப்பு. தப்பு என்றால் எவ்வளவு தப்பு. வேலியில் ஒரு பக்கம் போகிற அளவு தப்பா, நாலு பக்கமுமா. ஆனால் அந்தக் கணக்குக்கும் கீழே இன்னொன்று இருக்கிறது, அதுதான் கூடக் குத்துகிறது. என் பேரை ஏன் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாரா, இல்லை இப்படிப்பட்டவளைக் கட்டியிருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல வெட்கமா. காப்பாற்றுவது என்றால் என் பெண்டாட்டிதான் தேச்சா, அதுக்கென்ன இப்ப என்று சொல்லிக் காப்பாற்றலாம். மழையாம். மழை வந்து புளி போட்டுத் தேய்த்துவிட்டுப் போனதாம்.

டீயை ஊற்றினேன், மூன்று தம்ளர், அவளுக்குக் கண்ணாடித் தம்ளர், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன், தூக்கக் கலக்கத்தில் முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டது. இடுப்பில் பிள்ளை, கையில் தட்டு, இப்படிப் போனால் எவளும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது. வெயில் களத்துச் சிமெண்டில் விழுந்து கண்ணைக் கூசியது. ரைபிள் இவள் மடியில் கிடக்கிறது, வெள்ளையாக, அழகாகத்தான் இருக்கிறது, சத்தியமாக அழகாக இருக்கிறது. "நான்தாங்க்கா தேச்சேன், புளியும் சாம்பலும் போட்டு" என்றேன். பாப்பா என்று சொல்லக் கூடாது என்று வாசற்படியிலேயே முடிவு செய்திருந்தேன். இவர் தரையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள், கேலியாக இல்லை, அதுதான் எரிச்சல், நல்ல சிரிப்பு. "புளியா! அய்யய்யோ. நம்பர்ல கூட ஒரு பொட்டு அழுக்கு இல்ல பாரு குரு" என்றாள். "அந்தக் கறுப்பு அழுக்கு இல்லம்மா, அது கம்பெனியிலயே ஏத்துறது, தோல் மாதிரி. அது போச்சுன்னா பனி பட்டாலே துரு ஏறும். பாக்கறவங்க முதல்ல அதத்தான் பாப்பாங்க." தோலை உரித்திருக்கிறேன். எனக்குத் தோல் என்று யார் சொன்னார்கள், நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்த மனுஷன் ஒரு நாளாவது, பவுனு, இந்தக் கறுப்பு இருக்கே அது அழுக்கு இல்ல என்று சொன்னாரா. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, ஒரே வீட்டில் அதோடு படுத்து எழுந்தவள் எனக்கு.

அவள் தோட்டாவைத் தள்ளுகிற போல்ட்டைப் பின்னால் இழுத்துக் கழற்றித் துணிமேல் வைத்தாள். குழலை வானத்தைப் பார்த்துத் தூக்கி ஒரு கண்ணால் பார்த்தாள். "உள்ள சுத்தம். குண்டு சுத்தி வர்ற பள்ளமெல்லாம் அப்படியே இருக்கு. உள்ளயும் புளி போட்டியாம்மா?" "நார் உள்ள போகலக்கா" என்றேன். இவர் சட்டென்று சிரித்துவிட்டார், அப்புறம் இருமினார். நல்லவேளை, சிரித்தார். "நாப்பது சொல்லலாம்னு வந்தேன்" என்றாள் அவள், அவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. "இப்ப கடையில காட்டினா முப்பதே பெருசு. மறுபடியும் கறுப்பு ஏத்தணும், அதுக்கு ஒரு செலவு." பத்து. புளி ஒரு கைப்பிடிக்குப் பத்தாயிரம். மனசுக்குள் வேலி ஒரு பக்கம் சாய்ந்தது, பன்றி அந்தப் பக்கமாக மூக்கை நீட்டியது. இவர் வாயைத் திறக்கிறார், எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று, நீங்க பாத்துக் குடுங்க பாப்பா, அதுதான் வரும், அது வந்துவிட்டால் எல்லாம் போனது. "டீ ஆறுது, குடிங்க" என்று தம்ளரை இவர் வாய்க்கே கொண்டுபோனேன். குடித்தார். குடிக்கும்போது பேச முடியாது இல்லையா.

அப்போதுதான் பார்த்தேன். அவள் முப்பது என்று சொல்லிவிட்டு ரைபிளைக் கீழே வைக்கவில்லை. முப்பதுதான் என்கிறவன் ஆட்டை விட்டுவிட்டுத் துண்டை உதறி எழுந்திருப்பான், எழுந்து நாலு அடி நடப்பான், கூப்பிடுவோமா என்று பார்ப்பான். இவள் ரைபிளின் மரக் கட்டையைக் கன்னத்தில் வைத்தாள். சுடுகிற மாதிரி வைக்கவில்லை, கண் மூடியிருந்தது. அப்புறம் லேசாக மூக்கைக் கொண்டுபோனாள், மோந்து பார்த்தாள், நான் பிள்ளை தலையை மோந்து பார்க்கிற மாதிரி. கட்டையை நான் தேய்க்கவில்லை, மரம் ஊறிவிடும் என்று விட்டுவிட்டேன். பார்த்ததும் எனக்குக் காது மடல் சுட்டது. யாருடைய வாடையைத் தேடுகிறாள் இவள். அந்தக் கட்டையில் கன்னம் வைத்தது இவர்தான், இத்தனை வருஷமும் இவர் கன்னம்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் வீட்டுக் களத்தில், என் டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "என்னக்கா, வாடை எதும் அடிக்குதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டது தெரிந்தது. இவர் தம்ளரை இறக்கினார். அவள் கண்ணைத் திறந்தாள், கோபப்படவில்லை. "எங்கப்பா ஒரு சுருட்டு பிடிப்பாரு. இருக்கும்னு பாத்தேன். இல்ல. குரு நல்லாத் தொடச்சிருக்கான்."

அப்புறம் அவளே பேசினாள், என்னிடம்தான் பேசினாள், இவர் அங்கே இல்லாத மாதிரி. "ஒன் வீட்டுக்காரன் ஒன்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்கானோ தெரியாது. எங்க ரெண்டு பேரையும் ஓடைக்குக் கூட்டிட்டுப் போனாருன்னா சொன்னான்?" ஆமாம் என்றேன். "ஒரு தடவ கூட்டிட்டுப் போனாரு. ஒரே தடவ. வெடிச்சதும் நான் அழுதுட்டேன். அதுக்கப்புறம் காலையில இவனக் கூட்டிக்கிட்டுக் கெளம்புவாரு, நான் பங்களா வராண்டாவுல நின்னு பாப்பேன். அஞ்சு லீவு பாத்தேன். திரும்பி வரப்ப இவன் தோள்ல தொங்கும் இது, அவரு கை இவன் தலைமேல இருக்கும். எஸ்டேட்ட வித்துட்டுப் போறப்பக் கூட இவங்கப்பாவுக்குத்தான் குடுத்துட்டுப் போனாரு, எனக்கு வேணுமான்னு ஒரு வார்த்த கேக்கல." சொல்லிவிட்டு டீயை எடுத்துக் குடித்தாள். "அப்பறம்தான் சங்கத்துல சேந்தேன், கப்பெல்லாம் வாங்கினேன். அவரு பாக்கறதுக்குள்ள போயிட்டாரு." இவர் "பாப்பா, எனக்கு இது தெரியாதே" என்றார். "ஒனக்கு எப்படிடா தெரியும், நீ முன்னால நடந்து போவ" என்றாள் அவள்.

ஓடையில் நின்றவர்கள் இரண்டு பேர் இல்லை. ஒரு பையனும் ஒரு பெரிய மனுஷரும். அந்தப் பெண் மேலே வராண்டாவில் நின்றிருக்கிறாள், இத்தனை வருஷமாக நான் அவளைத் தப்பான இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். பாவம் என்று தோன்ற வேண்டும். தோன்றியது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு மிடறு டீ அளவுக்குத் தோன்றியது. ஆனால் அது இறங்குவதற்குள் இன்னொன்று மேலே வந்துவிட்டது, நான் என்ன செய்ய, ஆடு விற்ற வீட்டில் பிறந்தவள். இவளுக்கு இது வேண்டும். கடையில் என்ன விலை என்பது இவளுக்குக் கணக்கே இல்லை. கறுப்பு போனால் என்ன, குழல் கோணினால் என்ன, இரண்டாக உடைந்து கிடந்தாலும் வாரிக்கொண்டு போவாள். எனக்கு அந்த மாதிரிப் பார்க்கத் தெரியும், ஒருத்தர் கையில் இருப்பதை இன்னொருத்தர் பார்க்கிற பார்வை, அது எப்படி இருக்கும், அதற்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று இந்த மலையில் என்னைவிட யாருக்குத் தெரியும். பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்தேன். "எம்பதுக்கா" என்றேன்.

இவருக்குப் புரை ஏறியது. "ஏய் பவுனு..." என்றார். "எம்பதாயிரம்" என்றேன் மறுபடியும், சந்தேகம் வேண்டாம் பாருங்கள். அவள் மறுக்க வேண்டும், ஐம்பது என்பாள், எழுபத்தைந்து என்பேன், அறுபதில் நிற்போம், அறுபது போதும், நாலு பக்கமும் வந்துவிடும். "சரி" என்றாள். அவ்வளவுதான். சரி. முகத்தைச் சுளிக்கவில்லை, எழுந்திருக்கவில்லை, துண்டை உதறவில்லை. "தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு, மதுரைத் துப்பாக்கிக் கடை மூலமா மாத்திக்கலாம் குரு. பேப்பர் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பணம் அட்வான்ஸா இன்னைக்கே பாதி போட்டு விட்டுர்றேன், போன்ல சொன்ன அந்த வேலிக்குச் சொல்லிருங்க." வேலி வந்துவிட்டது. பீன்ஸ் வந்துவிட்டது. பிள்ளையை மரத்தடியில் போட வேண்டாம். துள்ளிக் குதிக்க வேண்டும் நான். ஆனால் கேட்டதும் சரி என்று சொன்னால் விற்றவளுக்கு அன்றைக்குத் தூக்கம் கிடையாது, இது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நான் குறைத்துக் கேட்டுவிட்டேன். எவ்வளவு குறைத்து. ஒரு லட்சம் என்றாலும் சரி என்றிருப்பாளோ. ஒன்றரை. அப்படி என்ன இருக்கிறது அதில், நாலு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாதது.

அதோடு போயிருந்தால்கூடத் தேவலை. இவர் போல்ட்டை எடுத்து மாட்டினார், கட்டையைத் தடவினார், பேச ஆரம்பித்தார், அவள் பக்கம் குனிந்து, பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு மாமியார் வீட்டில் சொல்லுகிற தகப்பன் மாதிரி. "மழ நாள்ல கட்டை ஊறும் பாப்பா, போல்ட்டு எறங்காது. அப்ப பலவந்தம் பண்ணாதீங்க. உள்ளங்கைய வச்சுக் கொஞ்ச நேரம் புடிச்சிருந்தா அதுவா எளகும்." சரி என்றாள். "குறி இடது பக்கம் ஒரு நெல்லு ஓடும். அது அதோட குணம், திட்டக் கூடாது, நாமதான் ஒரு நெல்லு ஒதுங்கிக்கணும்." சரி குரு. "ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாக்கலன்னா மொரண்டு புடிக்கும்." அதன் குணம். மழை நாளில் அதற்கு என்ன ஆகும் என்று தெரிந்திருக்கிறது. பிள்ளை பிறந்ததிலிருந்து மழை நாளில் எனக்கு இடது இடுப்பு பிடித்துக்கொள்கிறது, குனிந்தால் நிமிர முடிவதில்லை, அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அது இந்த மலையில் யாருக்குத் தெரியும். நான் சொன்னது இல்லை. ரைபிளும்தான் வாய் திறந்து சொன்னதில்லை.

அவளுடைய ஜீப் வளைவில் இறங்கிப் போனது. இவர் உறையை மாட்டினார், கொக்கியைப் போட்டார், உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் தொங்கவிட்டார். பேப்பர் வருகிற வரைக்கும் இங்கேதான் தொங்கும், இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமையோ. திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார், "எமகாதகி, எம்பது! நாக்கு கூசலயா ஒனக்கு? நான் முப்பதுக்கே தலையாட்டப் போயிட்டேன்." "தெரியும், அதான் டீயக் குடுத்தேன்" என்றேன். "கறுப்ப உரிச்சதுக்குத் திட்டலாம்னு இருந்தேன், வாயடைச்சிட்ட" என்றார். "இன்னும் கூடக் கேட்டிருக்கலாம்" என்றேன். "இன்னுமா? போதும் தாயி, பன்னியே பாவம்னு சொல்லும்." பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார், ஒரு கை சும்மா இருந்தது. அந்தக் கையைப் பிடித்தேன். உள்ளங்கை சூடாக இருந்தது, இன்னும் அதைப் பிடித்திருந்த சூடு. கொண்டுவந்து என் இடது இடுப்பில் வைத்தேன். "என்ன பவுனு, வலிக்குதா?" என்றார். "அமுக்காதீங்க. சும்மா வச்சிருங்க" என்றேன். களத்தில் வெயிலில் அப்படியே நின்றோம், எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை, விளங்காமலே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எடுக்கட்டா?" என்றார்.

"இன்னும் எளகல" என்றேன்.